விளக்கெண்ணெய்

முத்தியால்பேட்டைக் கடையில்
இரண்டு லிட்டர் விளக்கெண்ணெய் கேட்டேன்.
"யாருக்கு வயிறு சரியில்லை?"
எஞ்சினுக்கு என்றேன்.
சில்லறையை மெதுவாக எண்ணித் தந்தார்.

முதல் உலகப்போர் விமானத்தில் சுழன்றது,
இப்போது நாலில் ஒரு பங்காய் என் மேஜையில்.
வரைபடம் முழுக்கப் பிரெஞ்சு.
மாடிவீட்டு புளோரந்தின் டியூஷன் முடித்துவிட்டு
இறங்கி வந்து வாசிப்பாள்.
அவள் "தடி" என்றது கனெக்டிங் ராடு என்று புரிவதற்குள்
ஒரு ஸ்டீல் கட்டி வீண்.

ஏழு சிலிண்டர்.
தலா இருபத்தொரு துடுப்பு, அரை மில்லிமீட்டர் கனம்.
ஐந்தாவதில், பத்தொன்பதாவது
உளி பட்டுச் சுருண்டபோது
லேத்தை அணைத்துவிட்டுக் கடற்கரை போய்
கோபத்தோடு சுண்டல் தின்றேன்.
திரும்பி வந்தால், மற்ற நாலின் மேல்
உப்புக்காற்று துருவை ஆரம்பித்திருந்தது.

இந்த எஞ்சினில் தண்டு நகராது,
சிலிண்டர்கள்தான் அதைச் சுற்றி ஓடும் என்றேன்.
"எங்க வீட்டுக்காரர் மாதிரி" என்றாள்,
"நாற்காலியை விட்டு எழுந்ததே இல்லை."

ஞாயிறு மதியம்
பதினொரு விநாடி.
பிறகு புகை.
என் சட்டையில், சுவரில், காலண்டரில்,
அவள் மூக்குக்கண்ணாடியில்
ஒரே கோடாக எண்ணெய்.

துடைக்காமல் பிரெஞ்சில் ஏதோ சொன்னாள்.
அர்த்தம் கேட்கவில்லை.
மறுபடி பெட்ரோல் ஊற்றினேன்.