கையில் கொடுக்கக் கூடாதது

சம்பளம் போட்ட வாரமெல்லாம்
எனக்கு ஒரு பொட்டலம் வரும்.
பீடோர் தபால் நிலையத்து மலாய்க்காரப் பெண்
காதருகே வைத்துக் குலுக்கிப் பார்ப்பாள்.
"பீசாவ் லாகி, அண்ணே?"
ஆமாம், மறுபடியும் கத்திதான்.

மடக்குக் கத்தி.
மாட்டுக்கொம்புப் பிடி, பித்தளைத் தோள்,
நகம் நுழைய அலகில் ஒரு பிறைப்பள்ளம்.
துருப்பிடிக்காத ரகம் எனக்கு ஆகாது.
கொய்யா அறுத்தால் கறுக்க வேண்டும்.
மாங்காய் பட்டால் நீலம் பாய வேண்டும்.
தின்றதெல்லாம் முகத்தில் தெரிய வேண்டும்
ஓர் இரும்புக்கு.

செம்பனை ஆலையில் எடைமேடை வேலை.
ஒரு லாரி இறங்கி மறு லாரி ஏறுவதற்குள்
திறந்து, மடக்கி,
அந்த 'டக்'கைக் கேட்டுக்கொள்வேன்.

தனியாக ரசித்தால் கிறுக்கு,
குடும்பமே ரசித்தால் பழக்கம்
என்று ஒரு கணக்குப் போட்டு
தீபாவளிக்கு ஆளுக்கொன்று வாங்கினேன்.

"கையில குடுக்காதீங்க, சண்டை வரும்"
என்றாள் திலகேஸ்வரி.
மேசையில் வைத்தேன். அவரவர் எடுத்துக்கொண்டார்கள்.
தம்பி சிவநேசன் மட்டும் கையை நீட்டினான்:
"நமக்குள்ள ஏற்கெனவே சண்டைதானே,
கையிலயே குடு."

அவன் அதை ஆணி திருகப் பயன்படுத்தி
நுனியை ஒடித்தான்.
மகள் யுகேஸ்வரி
இணையத்தில் வாங்கிய பெட்டிகளின் வயிற்றைக் கிழித்தாள்;
அலகெல்லாம் டேப் பசை.
மருமகன் கோத்தா கினபாலுவுக்குப் பறக்கும்போது
விமான நிலையத் தட்டில் விட்டுவிட்டு வந்தான்.
மூன்று மாதம் கழித்துச் சொன்னான்,
கால்பந்து முடிவு சொல்லும் குரலில்.

திலகேஸ்வரி
இழுப்பறையில், பழைய கரண்ட் பில்லுக்கு அடியில்
போட்டு மூடினாள்.
நான் கேட்கவில்லை.
கேட்டேன், ஒரே ஒரு தடவை.
"இருக்கு" என்றாள்.

வைகாசியில் தாப்பாவில் ஒரு கல்யாணம்.
மோட்டாரில் போனோம்.
கொய்யாக் கடைகளைத் தாண்டும் வளைவில்
வண்டி ஒரு இழுப்பு இழுத்தது.
பின்னால் "ஐயோ" என்றுகூடச் சத்தம் இல்லை,
என் தோளை இறுகப் பிடித்த விரல்கள்தான்.
நிறுத்திப் பார்த்தால்
முந்தானை சங்கிலிக்குள்.
இன்னும் இரண்டு சுற்று சுற்றியிருந்தால்,
வேண்டாம்.

பையைத் தடவினேன்.
கல்யாணத்துக்கென்று மாற்றிய கால்சட்டை.
பதினேழு கத்தி வைத்திருப்பவன்
பல்லால் பட்டைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"நகருங்க."

கைப்பையைத் திறந்தாள்.
பனடோல், சில்லறைப் பர்ஸ், இருமல் மிட்டாய்,
அதற்கடியிலிருந்து
கொம்புப் பிடி.

ஒரே நகத்தில் திறந்தாள்.
கிறீச்சிடவில்லை.
இந்த ஊர் மழைக்கு, சும்மா கிடக்கும் கத்தி
ஆறு மாதத்தில் கீலில் இறுகிவிடும்.
எனக்குத் தெரியும்.
யாரோ எண்ணெய் விட்டிருக்கிறார்கள்.
அலகு முழுக்க நீலம், ஓரத்தில் கருமேகம்;
நான் கூட இல்லாத பழங்கள்.

மூன்று இழுப்பு. பட்டு விட்டுக்கொடுத்தது.
குலை ஏற்றிய லாரி ஒன்று
ஹாரன் அடித்துப் போனது,
எடைமேடையில் என்னைப் பார்க்கிறவன்தான்.

கத்தியை என் கையில் தரவில்லை.
மோட்டார் சீட்டில் வைத்தாள்.
எடுத்தேன். சங்கிலி மசகைச் சட்டை நுனியில் துடைத்தேன்.
வெயிலுக்கு நேரே பிடித்தேன்.

"எந்தக் கொய்யா?"

"பள்ளிக்கூடக் கேண்டீன்ல, பத்து மணி பெல்லுக்கு.
டீச்சருங்க வரிசையில நிப்பாங்க.
உங்களுது எல்லாத்தையும் விட இதுதான் கூரு."

மடக்கினேன். 'டக்'.
சீட்டில் வைத்தேன்.
எடுத்துக்கொண்டாள்.

பந்தியில் யாரும் கேட்கவில்லை,
முந்தானை ஏன் இவ்வளவு குட்டை என்று.
அரை முழம் அரக்குப் பட்டு
வாசலில், சங்கிலியில்,
எங்களுக்காகக் காத்திருந்தது.