முழங்கால் வலி

மூன்று சீசன் ஏற்காட்டில்தான் முடிவாயிற்று
குச்சிக்கிழங்கின் விலை.
ஏழு சேகோ ஆலை முதலாளிகள், ஒரு காட்டேஜ்,
பனி அப்பிய ஜன்னல்.
பாயிண்டுக்கு இவ்வளவு, மேலே ஒருவரும் போகக் கூடாது.
இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்குவதற்குள்
தும்பல்காரர் வண்டியில்
மூட்டைக்கு நாற்பது ரூபாய் இளைத்துவிடும்.

டெல்லியிலிருந்து உத்தரவு வந்த அன்று
செங்கோட்டுவேல் அண்ணன் கேட்டார்:
"பேசி வெச்சதுல நமக்கு வந்தது எவ்வளவும்மா?"
கூட்டிச் சொன்னேன்.
அபராதம் போக மிச்சம் இருந்தது.
சிரித்தார். டீ சொல்லச் சொன்னார்.
பேரேட்டில் அது ஒரே வரி.

பிறகு வந்தவை வரியில் அடங்கவில்லை.
பேப்பரில் ஆலையின் பெயர், எழுத்துப் பிழையோடு.
இந்தூர் வியாபாரி போனில் இரண்டு முறை கேட்டார்,
நீங்கள்தானா அது என்று.
எடைமேடையில் டிரைவர்கள் இறங்கி
எண்ணைப் போட்டோ எடுக்கிறார்கள்.
எடையில் நாங்கள் ஒருநாளும் கை வைத்ததில்லை.
சொன்னால் யார் நம்புவது?
பள்ளி ஆண்டுவிழாவுக்கு அழைப்பு வந்தது,
மேடைக்கு இல்லை.

தை பிறந்து வண்டிகள் வரத் தொடங்கியதும்
ஓமலூர் முதலாளி கூப்பிட்டார்:
"காத்தாட மேல போலாமா?"
அண்ணன் போனைக் காதிலேயே வைத்திருந்தார்,
வெகுநேரம்.
முழங்கால் வலி என்றார்.

காலையில்தான் மாடிப்படியை
இரண்டிரண்டாகத் தாண்டி வந்திருந்தார்.
மனசாட்சியா, பயமா,
எந்தத் தலைப்பில் எழுதுவது நான்?

தும்பல்காரர் ரசீதில் இந்த வாரம்
மூட்டைக்குப் பதினைந்து ரூபாய் கூடியிருக்கிறது.
நாற்பது இல்லை.
பதினைந்து.