மூன்றாவது கை

புருவம் திருத்த மூன்று கைகள் வேண்டும்.
இரண்டு எல்லோருக்கும் இருக்கிறது.
மூன்றாவது, முன்பற்கள்.
நூலின் ஒரு முனையை அவைதான் பிடிக்கும்.

எனக்கு அங்கே ஒரு ஜன்னல்.
வாயை இறுக மூடினாலும்
சுண்டுவிரல் நுழையும்.
மேல்வரிசையும் கீழ்வரிசையும்
பேச்சுவார்த்தை அற்ற பங்காளிகள்.
கடைவாயில் மட்டும் ஏதோ ஒரு முகதாட்சண்யம்.

அதனால் நூலைக் கழுத்தில் முடிந்துகொண்டு
ஒன்பது வருடம்
மனாமாவில், குதைபியாச் சந்தொன்றின் இரண்டாம் மாடியில்,
ஆண்களுக்கு அனுமதியில்லை என்ற கதவுக்குப் பின்னால்
ஊரார் புருவங்களை வளைத்தேன்.
சாய்ந்து கிடக்கும் பெண்கள் கண்ணை மூடியிருப்பார்கள்,
நல்லவேளை.
கழுத்தின் சிவப்புக் கோட்டைப் பார்த்து
உம் யூசுப் ஒருமுறை கேட்டாள்:
யாரடி உன்னைக் கட்டி இழுப்பது?

சமூசாவின் மூக்கை நான் கடித்ததில்லை.
நூடுல்ஸ் பாதியில் அறுபடாமல்
தட்டுக்கும் தொண்டைக்குமாய்த் தொங்கும்.

டாக்டர் ஹுதா எக்ஸ்ரேயில் பென்சில் கோடு போட்டாள்.
மேல்தாடையை வெட்டி நாலு மில்லிமீட்டர் ஏற்றவேண்டும்,
கீழ்த்தாடையைப் பிளந்து முன்னே தள்ளவேண்டும்.
அலமாரித் தட்டை மாற்றி வைப்பதுபோலச் சொன்னாள்.
இன்சூரன்ஸ்காரர்
'அழகு' என்ற கட்டத்தில் டிக் அடித்து
ஃபைலை மூடினார்.
அழகு என் தொழில், சார்.
இது எலும்பு.

இரண்டு சீட்டு எடுத்தேன்.
அந்தக் காசுக்கு மாடி எழுப்பியிருக்கலாமே என்றான்
தூத்துக்குடியிலிருந்து தம்பி கிளாட்வின்.
எழுப்பியிருக்கலாம்.
நான் அதில் ஏறி எந்த வாயால் சிரிப்பது?

பல்லில் கம்பியோடு பதினெட்டு மாதம்.
பிறகு, நான் இல்லாத ஐந்து மணி நேரம்.
அந்நேரத்தில் என் முகத்தைத் திறந்து
திருப்பி மூடியிருக்கிறார்கள்.
தகடு ஆறு, திருகு இருபத்தெட்டு.
பில்லில் எண்ணினேன்.
விழித்தபோது ரப்பர் வளையங்கள் இரு தாடையையும் சேர்த்துக் கட்டியிருந்தன,
கோர்ட் உத்தரவில் ஒரே வீட்டுக்குள் பங்காளிகள்.

அது ரமலான் மாதம்.
பகலில் யாரும் உண்ணாத தெருவில்
என் பட்டினியை யாரும் கவனிக்கவில்லை.
மக்ரிப் பாங்கு கேட்டதும்
கீழ்வீட்டு ஹரீஸை மிக்ஸியில் அடித்து, வடிகட்டி,
சிரிஞ்சில் ஏற்றி,
கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே விடுவாள் மரிசெல்.
கோபம் வந்தால் மூக்கால் திட்டினேன்.
தமிழ் தெரியாதவள்.
எது கெட்ட வார்த்தை என்று மட்டும்
சரியாகப் பிடித்துச் சிரித்தாள்.

வேலைக்குத் திரும்பினேன், ஏழு கண்ணாடிகளுக்கு நடுவே.
எல்லாம் சரியாகும் என்று ஷைலஜா சேச்சி சொல்லவில்லை.
மோளே, மூக்கு கொஞ்சம் அகலமாயிடுச்சு என்றாள்.
ஆமாம், ஆகிவிட்டது.

கீழுதடு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.
டீ வழிவதைக் கண்ணாடி சொன்னால்தான் உண்டு.
எப்போது வரும் என்றேன்.
டாக்டர் ஹுதா கையை விரித்து
இன்ஷா அல்லாஹ் என்றாள்.
ஆறு மாதம் என்கிற மாதிரியும் இருந்தது,
எப்போதுமில்லை என்கிற மாதிரியும்.

நேற்று கடை மூடியதும்
மரிசெல் நாற்காலியில் சாய்ந்து
முகத்தைக் கொடுத்தாள்.
நூலை முன்பற்களுக்கு நடுவே வைத்தேன்.
நின்றது.
உதட்டுக்குத் தெரியவில்லை,
பல்லுக்குத் தெரிந்தது.
இழுத்தேன், தளர்த்தினேன், இழுத்தேன்.
தலையை எவ்வளவு ஆட்டவேண்டும் என்ற கணக்கு
கழுத்துக்குப் புதிது.
அவளுடைய இடது புருவத்தில் பாதி போயிற்று.
கத்தினாள்.
நான் நூலை விடவில்லை.

இரவு, விளக்கை அணைத்த பிறகு
முன்பற்களைத் தட்டிப் பார்க்கிறேன்.
டக்.
முப்பத்து நாலு வயதில்
இப்போதுதான் கேட்கிறது இந்தச் சத்தம்.
டக்.
டக் டக்.
மேல்கட்டிலிலிருந்து ஒரு தலையணை வந்து விழுகிறது.
பின்னாலேயே எட்டிப் பார்க்கிறது
ஒன்றரைப் புருவம்.