ஒரு சொட்டுதான்

"ஒரு சொட்டுதான்" என்றார் ஹமாயக்,
சாவியை என் உள்ளங்கையில் வைத்து
விரல்களை அவரே மடக்கிவிட்டு.
எண்பத்து நான்காம் வருடத்து ஜிகூலி.
சாம்பலில் சேராத, நீலத்திலும் சேராத ஒரு நிறம்.

க்யூம்ரியில் எங்கள் முற்றத்துக் கல்லெல்லாம் கறுப்பு,
எரிமலைக் கல்.
எண்ணெய் விழுந்தாலும் காட்டிக்கொடுக்காது.
ஆகவே இரண்டு மாதம்
அவரை நல்லவர் என்றே நினைத்திருந்தேன்.

முதல் பனி விழுந்தது.
வெள்ளைத் தரை சாட்சி சொன்னது.

அன்றிலிருந்து இரவானால்
வாஷிங் மெஷின் வந்த பெட்டியின் அட்டையை
வண்டிக்கு அடியில் விரிப்பேன்.
விடிந்ததும் உருவி எடுத்துப் போய்
சமையலறை ஜன்னலில் சாய்த்து வைப்பேன்.
குடித்த கோப்பையைக் கவிழ்த்து
காப்பிக் கசடில் கல்யாணமும் கடிதமும் பார்ப்பவள்
என் தங்கை ஷோகேர்.
அட்டையையும் அப்படியே பார்ப்பாள்.
"இது கழுத்து நீண்ட பறவை. செய்தி வரும்.
இந்தப் பெரிய வட்டம், செலவு."

செய்தி வந்தது.
அகுர்யான் கடைக்கார வார்த்தூஷ்
நான் இறக்கிய ரொட்டியில் ஒன்றைப் பிய்த்து
மோந்து பார்த்து
என் கையிலேயே திருப்பித் தந்தாள்.
"மாவில் என்ன ஊற்றிப் பிசைகிறீர்கள், டீசலா?"

டீசல் இல்லை அம்மா. வால்வு மூடியின் கேஸ்கட்.
அதன் விளிம்பில் கசியும் எண்ணெய்
சூடான புகைக்குழாயில் விழுந்து பொரிந்து
ஹீட்டர் வழியே உள்ளே ஏறி
பின்சீட்டில் துணி போர்த்திக் கிடக்கும்
நூற்றிருபது ரொட்டிகளோடு
தானும் ஒரு பயணியாய் உட்கார்ந்துகொள்கிறது.
இதைக் கடைவாசலில் நின்று எப்படி விளக்குவது.
பணத்தைக் குறைத்து வாங்கிக்கொண்டு வந்தேன்.

இறுக்கினேன்.
எட்டு நட்டுகள், ஒவ்வொன்றுக்கும் அரைச் சுற்று.
கசிந்தது. இன்னும் அரை.
தலைவலி போய்த் திருகுவலி என்று முதலில் சொன்னவன்
கையில் பத்தாம் நம்பர் ஸ்பானர் இருந்திருக்க வேண்டும்.
மூடியைக் கழற்றினால்
பழைய கார்க் ஊறிய பிஸ்கட்டாய்ப் பிதுங்கி,
நட்டுக்கு நட்டு தகரம் குழிந்து.
எல்லாம் என் கைவண்ணம்.
தட்டி நிமிர்த்தினேன். புது கேஸ்கட், ரப்பர்.
இரண்டு நாள் அட்டை வெறும் அட்டையாகவே இருந்தது.
ஷோகேருக்குச் சோசியம் இல்லை.

மூன்றாம் நாள் டிஸ்ட்ரிபியூட்டருக்கு அடியில்.
அதைச் சரிசெய்தால் பெட்ரோல் பம்ப்பின் ஓரத்தில்.
அதையும் சரிசெய்தால்
அட்டையில் புதிதாய் ஒரு ஆமை.
வெளியே போவதென்று எண்ணெய் முடிவெடுத்துவிட்டது,
எந்த வாசல் என்பதை மட்டும்
தினம் மாற்றிக்கொண்டிருந்தது.

மைனஸ் இருபத்தாறு.
எஞ்சினை ஓடவிட்டு பானெட்டைத் திறந்து நிற்கிறேன்.
வீட்டுச் செருப்போடு இறங்கி வந்தாள் ஷோகேர்.
"இந்தக் கம்பி ஏன் எழுந்து நிற்கிறது?"

எண்ணெய் அளக்கும் கம்பி.
இப்போதுதான் அழுத்திச் செருகியிருந்தேன்.
நாலு விரல் மேலே எழும்பி
பதில் தெரிந்த பையன்போல் நின்றது.

அடிவயிற்றிலிருந்து ஏர்ஃபில்டருக்கு ஏறும்
ரப்பர்க் குழாயைக் கழற்றினேன்.
மயோனைஸ்போல மஞ்சள் களிம்பு, கல்லாய் உறைந்து.
உள்ளே இருந்த சல்லடையில்
ஒரு கண்கூடத் திறந்திருக்கவில்லை.
ஆறு வாரம் அதன் வாயை வாயைக் கட்டினேன்.
அதற்கு வேண்டியிருந்தது ஒரு ஏப்பம்.

பெட்ரோலில் ஊறவைத்து
குளியலறையிலிருந்த பழைய பல் பிரஷால் தேய்த்தேன்.
அது அவ்வளவு பழையது இல்லையாம்.
ஷோகேர் ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை.

மறுநாள் அட்டையில் ஒன்றே ஒன்று,
பின்பக்கமாக.
கிராங்க் தண்டின் பின் சீல்.
அதைத் தொட கியர்பாக்ஸை இறக்க வேண்டும்.
கியர்பாக்ஸை இறக்க ஒரு மாத ரொட்டி வேண்டும்.
ஷோகேர் அட்டையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
பறவையும் இல்லை, வட்டமும் இல்லை.
"ஒரு சொட்டுதான்" என்றாள்.

வார்த்தூஷ் அன்று ரொட்டியை மோந்தாள்.
சற்று நெருங்கி என் கோட்டையும் மோந்தாள்.
"ரொட்டி பரவாயில்லை" என்றாள்.