பலகையில் மூன்று பத்தி

அல்சூர் ஏரிப் படகுத்துறையில்
காலை ஆறேகாலுக்குக்
கரும்பலகை எழுதுவது என் வேலை.
மூன்று பத்தி: படகு, தூண்டில், நீச்சல்.
எழுதுவது கன்னடத்தில்,
யோசிப்பது தமிழில்.

நீச்சலுக்குச் சாக்கட்டி தேவையில்லை.
எனக்கு முன்னால் இருந்த யாரோ
'கூடாது' என்று
ஆயில் பெயிண்டில் எழுதி
ஒரேயடியாக முடித்துவிட்டுப் போயிருக்கிறார்.

மற்ற இரண்டுக்கும்
முதலில் மூக்கு.
சேற்று வாடை என்றால் சரி.
அழுகிய முட்டை என்றால்
ராத்திரி ராஜகால்வாய் பொங்கியிருக்கிறது.
பிறகு கொடி.
குருத்வாராக் கம்பத்தில்
காவித்துணி துறைப்பக்கம் பறந்தால்
ஒன்பது மணிக்குள்
ஆகாயத்தாமரை வந்து படகுகளை வளைத்துவிடும்.
பிறகு என் பழைய டிபன் மூடி.
எவர்சில்வர். நடுவில் ஓட்டை போட்டு
நைலான் கயிறு கட்டி,
சாணுக்கு ஒரு முடிச்சு.
இறக்குவேன்.
எந்த முடிச்சில் மூடி
கண்ணைவிட்டு மறைகிறதோ
அவ்வளவுதான் அன்றைக்கு நீரின் நேர்மை.
ஐந்து என்றால் நல்ல நாள்.
ஏழு ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறேன்,
சொன்னபோது யாரும் நம்பவில்லை.

சித்திரையில் முதல் மழை கொட்டிய மறுநாள்,
ஞாயிறு.
கல்யாணத்துக்குக் கிளம்பியதுபோல்
ஏரி மினுங்கியது.
கேட்டுக்கு வெளியே ஐம்பது பேர்.
போனில் காண்ட்ராக்டர் நஞ்சேகௌடா:
'தண்ணி சூப்பரா இருக்காமே, சீக்கிரம் திற.'
மூடி இரண்டாம் முடிச்சிலேயே போய்விட்டது.

தூண்டில் சீட்டு வாங்க வரும் இம்தியாஸ்
புழு டப்பாவைத் திறக்கவே இல்லை.
படியில் குனிந்து
வெறுங்கையால் ஒரு கெண்டையை அள்ளினான்.
சிரித்தான்.
அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு
மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
'தானா வர்ற மீனை
வீட்டுக்கு எடுத்துட்டுப் போகக் கூடாதுக்கா.'
விட்டான்.
அது போகவில்லை.

நீர் முழுக்க வாய்கள்.
மேல்தோலில் ஒட்டிக்கொண்டு
திறந்து மூடி, திறந்து மூடி
காற்றை மென்றுகொண்டிருந்தன.
வேலிக்கு அந்தப்பக்கம் குழந்தைகள்
'நம்மளப் பாக்க வந்திருக்கு' என்று
கைதட்டினார்கள்.

தூண்டில்: கூடாது.
எழுதிவிட்டேன்.
படகு?
மேலே காற்று இல்லை, அலை இல்லை.
படகுக்கு ஒரு குறையும் இல்லை.
கீழேயும் காற்று இல்லை.
ஆனால் மீனுக்கென்று
பலகையில் பத்தி இல்லை.

சாக்கட்டி விரலில் மாவாகும்வரை நின்றேன்.
மிதிபடகுகள் பதினொன்று.
அன்னம் ஏழு, வாத்து நாலு.
ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு சக்கரம்,
நீரை அள்ளி அடித்து
நுரையாக்குகிற சக்கரம்.

படகு: போகலாம்.
அரைமணிக் காசுக்கு ஒருமணி நேரம்.
சின்னத் தீவைச் சுற்றி மட்டும்.
வேகமாக மிதிக்கவும்.

மிதித்தார்கள்.
புதுசாகக் கல்யாணமானவர்கள், ஐ.டி. பையன்கள்,
மிதிகட்டைக்குக் கால் எட்டாத ஒரு சிறுமி,
பூசை முடித்து நேராக வந்த
ஞானப்பிரகாசம் குடும்பம் மொத்தமும்.
ஏனென்று ஒருவரும் கேட்கவில்லை.
தள்ளுபடிக்கு யார் காரணம் கேட்கிறார்கள்?
இம்தியாஸ் ஒரு வாத்தில் தனியாக,
மதியம்வரை,
முழங்கால் பிடித்துக்கொள்ளும்வரை.

எத்தனை மீன் பிழைத்தது, தெரியாது.
திங்களன்று மாநகராட்சி வண்டி வந்து
இரண்டு நடை அள்ளிக்கொண்டு போனது.
போன வருஷம் ஐந்து நடை என்றார் டிரைவர்.
போன வருஷ மழை வேறு மாதிரி
என்றும் அவரே சொன்னார்.
விட்டுப்போன பாதிக் காசை
நஞ்சேகௌடா என் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்.

செவ்வாய், ஆறேகால்.
மூடி மூன்றாம் முடிச்சில் மறைந்தது.
பாதி முட்டை, பாதி சேறு.
தீவோரம் ஒரு நீர்க்காகம் முங்கியது.
எண்ணினேன்.
பத்தொன்பதில் எழுந்தது.
அலகில் ஏதோ துடித்தது,
துடித்ததுபோல்தான் இருந்தது.

படகு: போகலாம்.
தூண்டில்:
இம்தியாஸ் வரட்டும், கேட்டு எழுதுகிறேன்.