இடது காது

பணகுடியில் ஆடி மாசம்
கதவைச் சாத்தினால் மட்டும் போதாது,
அண்டை கொடுக்க வேண்டும்.
பின்வாசலுக்கு அரிசி மூட்டையை இழுத்து வைத்திருந்தேன்.
பதினொன்றே கால். கரண்ட் இருந்தது, அது ஒரு புண்ணியம்.

"எம்மா, காதுக்குள்ள சுத்துது" என்றான் ஜெஃப்ரின்.
என்ன சுத்துது?
"அப்பா வேலை பாக்குத காத்தாடி."

நெற்றியைத் தொடும் முன்பே தெரிந்துவிட்டது.
சட்டைக்கு வெளியே வந்து நின்றது சூடு.
தெர்மாமீட்டரை அக்குளில் வைத்து
அவன் கையை என் கையால் அழுத்திப் பிடித்தேன்.
நூற்றி இரண்டு, புள்ளிக்கு அப்புறம் ஒரு ஆறு.
தலைகீழாய்ப் பிடித்திருக்கிறேனோ என்று
திருப்பிப் பார்த்தேன். ஆறுதான்.

சிரப் பாட்டிலின் கழுத்தில் சீனி உறைந்து
மூடி திறக்க மாட்டேன் என்றது.
நைட்டி நுனியால் திருகி, கடைசியில் பல்லால் கடித்து.
போன மாசம் பால்வாடியில் நிறுத்த எடை பதினாலு கிலோ.
பதினாலு கிலோவுக்கு நாலு மில்லி.
நாலா, அஞ்சா?
நாலு. டாக்டர் அட்டையில் எழுதியிருக்கிறார்,
அட்டை மிக்சிக்கு அடியில் கிடக்கிறது,
நாலுதான்.
துப்பினான்.
துப்பியது பாதியா, காலா?
அதை எந்த அட்டையிலும் எழுதவில்லை.

மதிலுக்கு அந்தப் பக்கம் விளக்கெரிந்தது.
தங்கபுஷ்பம் அக்காவின் குரல் மட்டும் வந்தது:
"ஏட்டி, பூண்டத் தட்டி நல்லெண்ணெயில காய்ச்சி
ரெண்டு சொட்டு விடு. சட்டுனு நின்னுரும்."
அவள் பிள்ளைகள் மூன்று பேருக்கும் காது நன்றாகக் கேட்கிறது.
மறுத்துப் பேச என்னிடம் என்ன இருக்கிறது?
உள்ளே என்ன கிழிந்திருக்கிறது என்று தெரியாமல்
ஒரு சொட்டும் விடக் கூடாது என்று
போன தடவை வள்ளியூர் டாக்டர் போட்ட அதட்டல் இருக்கிறது.
"சரிக்கா" என்றேன்.
பூண்டைக்கூட உரித்தேன்.
உரித்ததை நாளை ரசத்துக்கு எடுத்து வைத்தேன்.

இஸ்திரிப் பெட்டியில் கைக்குட்டையைச் சூடாக்கி
என் கன்னத்தில் வைத்துப் பார்த்து, பிறகு அவன் காதில்.
படுக்கப் போட்டால் கத்தல்.
தோளில் நிமிர்த்திப் போட்டால் முனகல்.
ஆக, தோள்.
கட்டிலில் இருந்து பீரோ வரை எட்டடி.
திரும்ப எட்டடி.

ஒன்றரைக்குத்தான் அவன் அப்பா போனை எடுத்தார்.
பழவூர்ப் பக்கம், இருபத்தேழாம் நம்பர் காத்தாடியில் ஆயில் கசிவு,
காற்று குறையட்டும் என்று ஏணிக்கு அடியில் காத்திருக்கிறாராம்.
"அப்பா, என் காத்தாடிய நிப்பாட்டு."
கொஞ்ச நேரம் அங்கே காற்று மட்டும் இரைந்தது.
"எந்தக் காதுல?"
"இந்தக் காது" என்று போனுக்குக் காட்டினான்.
"சரில, பிரேக் போடுதேன். ஆனா உடனே நிக்காது கேட்டியா.
எறக்க பெருசு. மெதுவாத்தான் நிக்கும்."

நாலு மணிக்கு என் தோள் நனைந்தது.
எச்சில் என்று நினைத்தேன்.
லைட்டைப் போட்டால் மஞ்சள்,
ஓரத்தில் நூல் மாதிரி ரத்தம்.
என் கால் இரண்டும் என்னிடம் இல்லை.
அவனோ வாயைப் பிளந்து தூங்குகிறான், கழுத்தெல்லாம் வேர்வை.
"நின்னுட்டு" என்று ஒரு தரம் சொன்னான், கண் திறக்காமல்.
வலி போனதற்குச் சந்தோஷப்படுவதா,
அது போன வழியைப் பார்த்துப் பயப்படுவதா,
முதல் பஸ்ஸின் ஹாரன் கேட்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.

வள்ளியூரில் முப்பத்தொன்றாம் டோக்கன்.
டாக்டர் விளக்கு வைத்த கூம்பை நுழைத்துப் பார்த்தார்.
"சவ்வுல சின்ன ஓட்டை. தானா மூடிரும்,
மெதுவாத்தான் மூடும். தண்ணி படக் கூடாது.
எண்ணெய் கிண்ணெய் ஊத்தினீங்களா?"
இல்லை என்றேன்,
வாத்தியார் கண்ணைப் பார்த்துச் சரியான விடை சொன்னவள் மாதிரி.

இன்றோடு மூன்று நாள்.
இடப்பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்புவதில்லை.
சுற்றி வந்து வலப்பக்கம் நின்று சாப்பிடச் சொல்கிறேன்.
மருந்து என்று சொன்னால் மட்டும்
வலது காதும் கேட்பதில்லை.

தங்கபுஷ்பம் அக்கா மதில்மேல் எட்டிப் பார்த்தாள்:
"பூண்டெண்ணெய் கேட்டுதாட்டி?"
கேட்டுதுக்கா என்றேன்.
ரசம் நன்றாகத்தான் இருந்தது.