ஐந்தாவது போல்ட்

முந்நூற்றுப் பத்து மீட்டர்.
அவ்வளவுதான் எங்கள் இருப்புப்பாதை.
தண்டையார்பேட்டையில் ஓர் உப்புக் கிடங்கின்
பின்சுவரில் தொடங்கிப்
புங்கமரத்தில் முடிகிறது.
"எந்த ஊருக்குப் போவுது?" என்று கேட்பவர்களிடம்
"மரத்துக்கு" என்பான் டெரன்ஸ்.
திரும்பியும் வரும், அதையும் சொல்லிவிடுவான்.

ஞாயிற்றுக்கிழமை எங்களுடையது.
மீதி ஆறு நாளும் கடலுடையது.
காசிமேட்டிலிருந்து அது ஆளனுப்புகிறது,
கண்ணுக்குத் தெரியாத ஆட்களை.
ஆணியின் கழுத்தில் உட்கார்ந்து
அவசரமில்லாமல் தின்கிறார்கள்.
மணலிப் புகை கூடமாட உதவுகிறது.
கம்பித் தூரிகை, மண்ணெண்ணெய், சிவப்புப் பூச்சு:
ஒன்றுக்கு ஆறு என்ற கணக்கில்
தோற்றுக்கொண்டேதான் வண்டி ஓட்டுகிறோம்.

நான் பதிவேட்டுக்காரி.
ரேஷன் கடையில் பில் போடுகிற கை
இங்கே ஸ்பேனர் பிடிக்கும்.
கோட்டீஸ்வரனுக்கு டயாலிசிஸ் பிரிவில் வேலை;
பாய்லர் குழாயைத் தட்டி அவன் காது வைக்கும்போது
யாரும் தும்மக்கூட முடியாது.
நூருல் அமீனிடம் அளவுகோல்.
ஆயிரத்து அறுநூற்று எழுபத்தாறு மில்லிமீட்டர்;
மூன்று கூடினால்
பிரியாணி ஆறிப்போனாலும் எழுந்திருக்க மாட்டான்.

அந்த ஞாயிறு காலை, ஆறரை.
நெருப்பு மூட்டியாயிற்று.
முள் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.
சுத்தியலோடு நடந்துபோனவள்
ஏழாவது இணைப்பில் தட்டினேன்.
சத்தம் பொக்கையாக வந்தது.
நான்கு துளை. நான்கும் காலி.
தண்டவாளத்தின் வழியே
அந்தப் பக்கத்துப் புல் தெரிந்தது.

மூலக்கொத்தளம், காயலான் கடை.
"கிலோ முப்பத்தெட்டு. ராத்திரிதான் வந்துச்சு.
யாரு இன்னான்னு நான் கேக்கறதில்லக்கா."
"எங்க சாமானை எங்களுக்கே விக்கிறியா?"
"அதான் ரெண்டு ரூபா கொறச்சிருக்கேனே."
வாங்கினோம்.
அமீன் ரசீது கேட்டான். கடையே சிரித்தது.

திரும்பி வந்து கோணியைக் கவிழ்த்து எண்ணினால்
ஐந்து.

நான்கில் எங்கள் சிவப்பு.
ஐந்தாவது தடித்துக் கறுத்திருந்தது.
மரையில் கிரீஸ் இன்னும் ஈரம்.
எங்கள் நட்டு அதில் ஒரு சுற்றுகூட ஏறவில்லை.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
கொருக்குப்பேட்டைப் பக்கம்
மின்ரயில் ஊதியது.
பத்து வருஷமாகக் கேட்கிற ஊதல்தான்.
அன்றைக்கு அதற்குள் ஆட்கள் இருந்தார்கள்:
கும்மிடிப்பூண்டி ஷிப்டுக்குத்
தூங்கிக்கொண்டே போகிற பையன்கள்,
கையில் செருப்போடு ஏறிவிட்ட ஒருத்தி,
ஜன்னல் கம்பியை நக்குகிற குழந்தை.

"நெருப்ப எறக்கு" என்றான் கோட்டீஸ்வரன்.
டெரன்ஸ் மட்டும் எஞ்சினோடு நின்றான்.
நாங்கள் மூவரும்
ஒரு போல்ட்டைச் சுமந்துகொண்டு ஓடினோம்.

பாதைப் பராமரிப்பு அலுவலகத்தில்
கீமேன் முனிரத்தினம் டீயில் பன்னை நனைத்துக்கொண்டிருந்தார்.
உள்ளங்கையில் உருட்டினார். முகர்ந்தார்.
டீயைக் கீழே வைத்தார்.
"ஒண்ணு போனா ஒண்ணும் ஆவாதும்மா.
ஒண்ணுதான் போச்சான்னு தெரியணுமே."
போன் பண்ணினார்.
பிறகு நீளச் சாவியைத் தோளில் போட்டு
வடக்கே நடந்தார்.
ஓடவில்லை. ஆனாலும்
நாங்கள் ஓடியிருந்தால்கூடப் பிடித்திருக்க முடியாது.

வந்து பார்த்தபோது ஆவி அடங்கியிருந்தது.
வாசலில் பதினோரு பிள்ளைகள்.
பத்து ரூபாய்ச் சீட்டைக் கையில் கசக்கியபடி
டெரன்ஸிடம் சண்டை:
"மரம் வரிக்குமாவது தள்ளினு போலாம்ல, அங்கிள்?"
காசைத் திருப்பிக் கொடுத்தோம்.
ஒருத்தன் வாங்க மறுத்து,
அடுத்த வாரத்துக்கு என்று
பையில் பத்திரப்படுத்தினான்.

அது எந்த இணைப்பு, எத்தனை போயிருந்தது,
எங்களுக்கு யாரும் வந்து சொல்லவில்லை.
நாங்களும் போய்க் கேட்கவில்லை.
சாயங்காலம் ஏழாவது இணைப்பை முறுக்கி முடித்து
பதிவேட்டைத் திறந்தேன்.

ஓட்டம் இல்லை.
நிலக்கரி, மூன்று கூடை, வீண்.

கடைசிச் சொல்லை அடித்துவிட்டு,
பக்கத்தில்,
செலவு.